மோட்டார் மேல் கிடந்த சட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா வேளைக்கு மாத்திரை எடுத்துத் தருகிறாளா? எனக்குச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் குறையில்லை.

விடுமுறையில் நம் வயலில் எடுத்த குறும்படத்தை நேற்று வகுப்பில் போட்டார்கள். கைதட்டினார்கள். "அந்தக் கிழிஞ்ச சட்டை ஒண்ணே போதும்மா, விவசாயி படுற பாட்டைச் சொல்லிடுச்சு" என்றார் வாத்தியார். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

படம் எடுக்கிறேன் என்றதும் நீங்கள் குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து நின்றீர்கள். கிணறு வற்றியதிலிருந்து ஓடாத மோட்டாரின் மேல் போர்த்தியிருந்த பழைய சட்டையை நான்தான் உதறி நீட்டினேன். "நாலு பேரு பாக்கறதுக்கு இதையாம்மா போடணும்?" என்றீர்கள். போட்டும் கொண்டீர்கள்.

இங்கே குளிர் கொஞ்சம் அதிகம். ஒரு போர்வை அனுப்புங்கள். வெள்ளைச் சட்டையில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள், அறையில் மாட்ட வேண்டும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. படத்தில் சேர்க்காமல் நான் வெட்டிய துண்டு ஒன்று இருக்கிறது. அதில் கேமராவைப் பார்த்து, "கஷ்டம் நல்லாத் தெரியுதாம்மா?" என்று கேட்கிறீர்கள். "இன்னும் கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்கப்பா" என்கிறது என் குரல்.

உங்கள் மகள்