வலது ஓரத்து ஆள்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதல் என் வாய்க்குப் பூட்டு. சாவி தொண்டை டாக்டரின் சட்டைப்பையில் இருக்கிறது. குரல் நாணில் மிளகு அளவு ஒரு கட்டி இருந்ததாம். எடுத்தாயிற்று, பயப்பட ஒன்றுமில்லையாம். ஆனால் மாதக் கடைசி வரை ஒரு சொல் பேசக்கூடாது. கிசுகிசுப்பது சத்தமாகப் பேசுவதை விட மோசம் என்றார். கிசுகிசுக்காதே என்று யாரிடம் வந்து சொல்கிறார் பாருங்கள்.

"ரொம்பப் பேசுவீங்களோ?" என்று கேட்டார். கூட வந்த தங்கச்சி முந்திக்கொண்டாள். "தூக்கத்துலயே ரெண்டு பேருக்குப் பேசுவார் டாக்டர்."

பேச முடியாததால்தான் இந்த எழுத்து. உள்ளே ஊறுகிற வம்பை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே.

மார்ச் 4, புதன்

மெத்தைக் கடைக்குப் போனேன். லீவு போட்டு வீட்டில் உட்கார்ந்தால் சுவரிடம் பேசிவிடுவேன் என்ற பயம்தான் காரணம்.

வழக்கமாக ஒரு ஜோடி உள்ளே வந்தால் நான் ஆரம்பித்துவிடுவேன். ஸ்பிரிங் எத்தனை வகை, முதுகெலும்பு எத்தனை வகை, மாமியார் எத்தனை வகை. அவர்கள் சிரித்துச் சிரித்து, யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிடுவார்கள். இன்று வந்தவர்களுக்கு மெத்தையைக் கையால் காட்டினேன். படுத்தார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கடையில் ஃபேன் சத்தம் மட்டும். அந்த அம்மா கண்ணை மூடினார். கணவர் லேசாகக் குறட்டையே விட்டார். எழுந்து இருப்பதிலேயே பெரியதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு போயின.

"நீங்க முன்னாடியே இப்படி வாயை மூடியிருந்தா இந்நேரம் இன்னொரு கடை திறந்திருப்பேன்" என்றார் முதலாளி. விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். சத்தம் வராமல் சிரித்தால் தாடை வலிக்கிறது.

பில் போடுகிற அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதலாளி தலைமுடி மொத்தமும் சொந்த முடி இல்லை என்பதை விலாவாரியாகச் சொன்னார். "உங்ககிட்ட சொன்னா இப்போ வெளியே போகாது பாருங்க." அதற்குப் பிறகு வாட்ச்மேனும் வந்தார். நான் கடையின் இரும்புப் பெட்டி ஆகிவிட்டேன். வைப்பதற்கு எல்லாரும் வருகிறார்கள்; எடுக்கத்தான் வழியில்லை. இப்படியொரு சரக்கைக் கையில் கொடுத்து வாயைக் கட்டிப்போடுவது பாவம் இல்லையா?

மார்ச் 5, வியாழன்

தங்கச்சி தினமும் சாயங்காலம் போன் செய்வாள். என் வாய் போனதற்காக அவள் அதை நிறுத்தப்போவதில்லை. புது ஏற்பாடு: அவள் கேட்பாள், நான் போனின் முதுகில் ஸ்பூனால் தட்ட வேண்டும். ஒரு முறை தட்டினால் ஆமாம், இரண்டு முறை தட்டினால் இல்லை.

"மாத்திரை போட்டியா அண்ணா?" தட்டினேன்.

"சாப்பிட்டியா?" தட்டினேன். ஒரு முறைதான். வாய் இருந்த காலத்திலும் இதற்கு "ஆச்சு, ஆச்சு" என்றே சொல்லிப் பழக்கம். அடுப்பு மூலையில் காய்ந்து விறைத்த ரொட்டி என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். அதுவும் பேசவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

தங்கச்சி மகளிடமிருந்து செய்தி. இருபத்திரண்டாம் தேதி அவள் அப்பா அம்மாவுக்கு இருபத்தைந்தாவது கல்யாண நாள். வீட்டோடு விருந்து, கேக், அப்புறம் வழக்கம் போல "கேடயப் படம்".

இந்தக் கேடயப் படத்தை வெளியாளிடம் சொன்னால் எங்கள் குடும்பத்துக்கே ஏதோ கோளாறு என்று நினைப்பார்கள். அவள் சின்னவளாக இருந்தபோது ஒரு பிறந்த நாளில் டிவியின் ஸ்பீக்கர் செத்துவிட்டது. திரையில் பழைய கிரேக்க நாட்டுப் போர்ப்படம்: வெண்கலக் கவசம், குதிரைமயிர்க் கொண்டை வைத்த தலைக்கவசம், வட்டக் கேடயம், ஆளுயரத்தை விட நீளமான ஈட்டி. சத்தம் இல்லையே என்று பிள்ளைகள் அழ, நான் டிவி பக்கத்தில் நின்று எல்லாருக்கும் குரல் கொடுத்தேன். சிவப்புக் கொண்டைத் தளபதி, வாஷிங் மெஷின் தவணையைப் பற்றிப் படை முன்னால் முழங்கினார். எதிரி ராஜா தன் மச்சினியைப் பற்றிப் புறம் பேசினார். வீடே உருண்டது.

ஸ்பீக்கரைச் சரி செய்துவிட்டார்கள். இருந்தாலும் அதிலிருந்து எந்த விசேஷம் வந்தாலும் அதே படம், சத்தத்தை அடைத்துவிட்டு, என் குரலில்தான். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை சாம்ராஜ்யங்கள் என் வாயால் விழுந்திருக்கின்றன. குடும்ப வம்பு ஒன்று விடாமல் அந்தப் போர்க்களத்தில் அரங்கேறியிருக்கிறது.

செய்தியின் கடைசியில் எழுதியிருந்தாள்: "மாமா, நீங்க பேச முடியாதுல்ல. அதனால இந்தத் தடவை என்ன செய்யறதுன்னு யோசிக்கிறோம்."

என்னை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசிக்கிறார்களா, படத்தை வைத்துக்கொண்டா? நாலு தடவை படித்தேன். தெளிவாகவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பக்கத்து வீட்டில் சண்டை. விஷயம் முழுக்கக் காதில் விழுந்தது. சொல்ல ஆள் இல்லை, வாயும் இல்லை. வீணாய்ப் போயிற்று.

மார்ச் 14, சனி

கடை அரை நாள்தான். வீட்டுக்கு வந்து கேடயப் படத்தைப் போட்டேன், சத்தத்தோடு. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நான் பேச முடியாத நிலையில் அவர்களாவது பேசிக்கொள்ளட்டும் என்றுதான்.

அருமையான படம். இப்படி ஒரு படம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே? யார் சொல்ல முடியும், மேலே ஏறி நின்று நான்தான் கத்திக்கொண்டிருந்தேனே.

வாஷிங் மெஷின் தவணை என்று நான் முழங்கிய இடத்தில் தளபதி தன் தம்பியின் சாவைப் படைக்கு அறிவிக்கிறார். நான் கொட்டாவிச் சத்தம் போடுகிற இடத்தில் ஒரு தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள்.

ஆற்றங்கரைச் சண்டைக்கு முந்தின காலை தளபதி புது வீரர்களுக்குச் சொல்லித் தருகிறார். கேடயம் இடக்கையில் இருக்கும். அதில் பாதிதான் உனக்கு; மீதிப் பாதி உன் இடப்பக்கம் நிற்பவனுக்கு. உன் வலப்பக்கத்தை உனக்கு வலப்பக்கம் நிற்பவனின் கேடயம் பார்த்துக்கொள்ளும். இப்படியே தோளோடு தோளாக வரிசை போகும். வலது ஓரத்தில் நிற்கிற கடைசி ஆளுக்கு மட்டும் ஒரு பக்கம் திறந்தே கிடக்கும்.

அந்த இடத்தில் ஓர் உயரமான, கொஞ்சம் கோணல் மூக்கு ஆளை நிறுத்துகிறார்கள். படம் முழுக்க அவன் எல்லாரையும் கிண்டல் செய்துகொண்டே வருகிறான். நான் அவனைக் கவனித்ததே இல்லை. குரல் கொடுத்ததும் இல்லை. அவனுக்கு நாலு வரிகூட வசனம் இருக்காது என்று விட்டிருக்கிறேன்.

படத்தை நிறுத்திவிட்டுப் பாத்திரம் கழுவினேன். ஒரு டம்ளர், ஒரு கிண்ணம். சீக்கிரம் முடிந்துவிட்டது.

மார்ச் 17, செவ்வாய்

போகப்போவதில்லை.

நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். கடை நிரூபித்துவிட்டது: நான் பேசாமல் இருந்தால் மெத்தை விற்கிறது. அந்த வீட்டில் நான் என்ன? சாப்பாட்டுக்கும் கேக்குக்கும் நடுவில் வருகிற வேடிக்கை. வேடிக்கையின் வாயைக் கட்டிவிட்டால் மிச்சம் இருப்பது ஒரு மூலையில் வழுக்கைத் தலை. பார்க்கிறவர்களுக்குச் சங்கடம். ஒவ்வொருவராக வந்து தோளைத் தட்டி, "பாவம்" என்பார்கள். வேண்டாம்.

கல்யாணப் பேச்சு வந்த காலத்திலும் இதே கதைதான். போன வீடுகளிலெல்லாம் என் பேச்சுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு மாப்பிள்ளை பார்த்தார்கள்.

தங்கச்சி மகளுக்கு அனுப்பிவிட்டேன்: "ஞாயிறு கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள். வர இயலாது. வாழ்த்துகள்."

"இயலாது" என்று எழுதியிருக்க வேண்டாம். ஆபீஸ் கடிதம் மாதிரி ஆகிவிட்டது.

மார்ச் 19, வியாழன்

தங்கச்சி போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் வரலை என்று கேட்டால் தட்டிப் பதில் சொல்ல முடியாது என்று விட்டாளோ? இல்லை, நிம்மதியோ?

"சாப்பிட்டியா அண்ணா?"

தட்டினேன்.

மார்ச் 22, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் கதவு தட்டினார்கள். மாப்பிள்ளை, தங்கச்சி புருஷன். லிஃப்ட் ரிப்பேர் வேலை. கிணறு மாதிரி இருட்டுக் குழிக்குள் தனியாக இறங்கி வேலை பார்த்துப் பார்த்து, வெளியே வந்தாலும் பேச மாட்டார். எங்கள் இருவரையும் சேர்த்துப் பங்கு போட்டால் ஆளுக்குச் சரியான அளவு பேச்சு வரும் என்று தங்கச்சி சொல்வாள்.

உள்ளே வந்தார். அடுப்பைப் பார்த்தார், காய்ந்த ரொட்டியைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"கடை வழியாத்தான் வந்தேன் மச்சான். ஷட்டர் போட்டிருக்கு."

அவ்வளவுதான். அதற்கு மேல் எதுவும் இல்லை. நான் சட்டை மாற்றும் வரை கால் மேல் கால் போட்டுக்கொண்டு, வராத லிஃப்டுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். மாற்றினேன். வேறு என்ன செய்ய, வாயாலும் தப்பிக்க முடியவில்லையே.

விருந்து முடிந்தது. கேக் வெட்டினார்கள். யாரும் "பாவம்" என்று சொல்லவில்லை. படத்துக்கு எல்லாரும் கூடத்தில் சேர்ந்தபோதுதான் எனக்குச் சிக்கல். டிவி பக்கத்தில் நின்றே பழக்கம். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. கடைசியில் சோபாவின் வலது ஓரத்தில் ஒண்டினேன். மாப்பிள்ளை ஒரு சாப்பாட்டு நாற்காலியை இழுத்து வந்து எனக்கு வலப்பக்கம் போட்டுக்கொண்டார். அங்கிருந்து டிவி பாதிதான் தெரியும். ஏன் என்று கேட்க வாயில்லை.

படம் ஓடியது. பழக்கத்தில் யாரோ சத்தத்தை அடைத்துவிட்டிருந்தார்கள். திரையில் உதடுகள் அசைகின்றன, கூடத்தில் மூச்சுச் சத்தம் மட்டும். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லாரும் அவ்வளவு கவனமாகத் திரும்பாமல் இருந்தது தாங்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

தளபதி அந்தக் கோணல் மூக்கு ஆளுக்கு ரொட்டியை நீட்டுகிற காட்சி வந்தது. அவன் வேண்டாம் என்று கையை ஆட்டுவான். அப்போது என் வலது காதருகே ஒரு குரல்.

"நான் இப்பதான் சாப்பிட்டேன்."

மாப்பிள்ளை. முகத்தில் அசைவே இல்லை. கண் திரையில்.

"கடையில ஸ்டாக் வேற எடுக்கிறாங்க."

தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கச்சி மகள் தளபதிக்குக் குரல் கொடுத்தாள்: "இன்னிக்கு ஒரு நாள் இங்கேயே தங்கிட்டுப் போயேன்." உடனே மாப்பிள்ளை: "இல்ல இல்ல, மெத்தை மாறினா எனக்குத் தூக்கம் வராது. மழை வரும்போல இருக்கு, கிளம்புறேன்."

வீடு உருண்டது. அப்படியே என் குரல். அந்த "கிளம்புறேன்"-இல் நான் ஒரு இழுப்பு இழுப்பேனாம், அதுகூட. இத்தனை வருஷமாக மூலையில் உட்கார்ந்து வாயைத் திறக்காத மனிதர் ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருக்கிறார். நானும் சிரித்தேன். சத்தம் வராததால் தோள் மட்டும் குலுங்கியது. அந்தக் கோணல் மூக்குக்காரன் என் சாக்குகளையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, ஈட்டியை எடுத்துக்கொண்டு, வரிசையின் ஓரத்துக்குத் தனியாக நடந்தான். எல்லாரும் அதற்கும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

தளபதி அவனைத் தடுத்து நிறுத்தி ஏதோ சொல்கிறார். அதற்கும் மாப்பிள்ளையே பேசினார். லிஃப்டில் என்ன பழுது என்று சொல்கிற அதே குரலில்.

"சும்மா நில்லு மச்சான். நீ பேசுவேன்னு உன்னைக் கூப்பிடலை."

யாரும் சிரிக்கவில்லை. தங்கச்சி எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். திரையில் அம்புகள் வந்தன. நான் மடியிலிருந்த குஷனின் தையலை எண்ணுவது போலக் குனிந்திருந்தேன். கண்ணில் தூசி விழுந்தது என்று எழுதலாம். இந்தத் தாளே சிரிக்கும்.

படம் முடியும் வரை மாப்பிள்ளை அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. வருஷத்துக்கான பங்கு தீர்ந்திருக்கும்.

மார்ச் 23, திங்கள்

நேற்று அங்கேதான் தங்கினேன். மட்டமான மெத்தை, நம் கடையில் வாங்கியதுதான். நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 27, வெள்ளி

கடையில் இரண்டு மெத்தை விற்றது. முதலாளி, "ஒண்ணாம் தேதியிலிருந்து பேச ஆரம்பிச்சுடுவீங்களா?" என்று கவலையோடு கேட்டார். ஸ்பூனை எடுத்து மேஜையில் ஒரு முறை தட்டினேன். அவருக்கு ஏற்பாடு தெரியாது. தேநீர் வேண்டும் போல என்று வரவழைத்துக் கொடுத்தார்.

மார்ச் 31, செவ்வாய்

டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, "ஆ" சொல்லுங்கள் என்றார். சொன்னேன். துருப்பிடித்த கேட் மாதிரி இருந்தது. ஆறிவிட்டது, இனி பேசலாம், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக என்றார். இன்றைக்கு நாலு வார்த்தை போதுமாம்.

முதல் வார்த்தையை வீணடிக்கக் கூடாது என்று வழியெல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்தார். அதற்கும் செலவழிக்கவில்லை. முதலாளியின் முடி விஷயத்தைத் தங்கச்சியிடம் சொல்லி ஆரம்பிக்கலாமா? மச்சினியைப் புறம் பேசுகிற எதிரி ராஜாவின் குரலில் ஆரம்பிக்கலாமா?

சாயங்காலம் போன் வந்தது. பழக்க தோஷத்தில் ஒரு கையில் ஸ்பூன்.

"டாக்டர் சரியாயிடுச்சுன்னாரா?"

தட்டினேன்.

"சாப்பிட்டியா அண்ணா?"

ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

"இல்லம்மா" என்றேன்.

அவள் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் பார்த்துச் சொன்னது கேட்டது: "மாமா வர்றாரு. சாப்பாட்டை எடுத்து மூடிடாதீங்க."

செருப்பு மாட்டிக்கொண்டாயிற்று. ஜன்னலைப் பார்த்தேன். மழை வரும்போலத்தான் இருக்கிறது. வரட்டும்.