தலை தொடாத கோடு

அண்ணா,

ஞாயித்துக்கிழமை ஃபைனலுக்கு வந்து, கோல்கீப்பரா நிக்கிற உன் பையன் ஜெரோமுக்குக் கைதட்டச் சொன்னே. கட்டாயம் வர்றேன். போன்ல பேசினா கத்திடுவேன், அதான் எழுதுறேன்.

போன வருஷம் உன் லிங்கராஜபுரம் டீமுக்குப் பசங்களை எடுக்கறப்போ சுவத்துல சாக்பீஸ் கோடு போட்டே. என் ஆல்வின் தலை அதைத் தொடலை. பந்தையே குடுக்காம, "அம்மா மாதிரியே குள்ளம்"னு எல்லார் முன்னாடியும் சிரிச்சு அனுப்பிட்டே.

ஃபைனல்ல உனக்கு எதிரா வர்ற ஒக்கலிபுரம் டீம்ல அவன்தான் ஃபார்வர்டு. இன்னும் வளரலை. உசரமானவங்க கால் சந்துல பந்தைத் தள்ளிட்டு ஓடத்தான் தினமும் பழகுறான்.

ஜெரோம் நல்ல உசரம். வலைக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு பந்தை எடுத்தா முதுகு வலிக்கும். தைலம் கொண்டு வர்றேன்.

உன் குள்ளத் தங்கச்சி