வாசலில் உங்கள் செருப்பு

உங்களுக்கு,

வீடு இன்னும் விலைபோகவில்லை. போன மாதம் கேட்ட விலைக்குக்கூட இப்போது யாரும் கேட்பதில்லை. "இன்னும் கொஞ்சம் இறங்கி வாங்கம்மா, நாள் போகப் போக இதுவும் கிடைக்காது" என்று தரகர் தினமும் உயிரை வாங்குகிறார்.

நீங்கள் தனியாகப் போய்விட்டது தெரிந்தால், வருகிறவர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்களாம். "சார் வெளியூர்ல வேலையா இருக்கார்னு சொல்லிடுங்க. அவர் செருப்பு ஒரு ஜோடி வாசல்ல கிடக்கட்டும்" என்றார். நீங்கள் விட்டுப்போன பழைய செருப்பைத் தேடி எடுத்து, ஆள் வரும்போதெல்லாம் வாசலில் போட்டுவைக்கிறேன்.

நேற்று வந்த பெண்ணுக்குச் சமையலறை பிடித்துப்போய்விட்டது. "சார் எப்ப வருவார்?" என்றாள். "அடுத்த வாரம்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு, அவள் கேட்காமலேயே, குளியலறைச் சுவரில் ஈரம் ஊறுவதைக் கூட்டிப்போய்க் காட்டினேன். தரகர் தலையில் அடித்துக்கொண்டார்.

விலையைக் குறைக்க உங்கள் சம்மதமும் வேண்டுமாம். அவசரமில்லை, மெதுவாக யோசித்துச் சொல்லுங்கள்.

இன்று யாரும் வீடு பார்க்க வரவில்லை. வாசலைப் பெருக்கும்போது செருப்பை உள்ளே எடுத்து வைக்கலாமென்று குனிந்தேன். தூசியைத் தட்டி, அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
இன்னும் இந்த வீட்டில் இருப்பவள்