இல்லை என்று சொன்ன வாய்

அன்பு மகன் விக்ரமுக்கு அம்மா ஒச்சம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தங்கச்சி பவதாரிணியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே கௌகாத்தியில் நீயும் மருமகள் முத்துமீனாவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன் என்று அடுத்த வரி எழுதியிருக்க வேண்டும், எழுதினால் பொய். பதினெட்டு நாளாக எனக்கு ஜெபம் வரவில்லை. விடியற்காலையில் எழுந்து முழங்கால் போடுகிறேன், வாய் திறக்க மாட்டேன் என்கிறது. போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தாலே "அம்மா, இதெல்லாம் போன்ல பேசாத" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். முழுசாகப் படி, முத்துமீனாவிடமும் கொடு.

உன் பதவி உயர்வுக்காகச் சாதிச் சான்றிதழை விசாரிக்க ஆள் வரும் என்று நீ சொன்னபடியே, தலையாரி காசிமாயன் பதினெட்டு நாளைக்கு முன்னால், வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். நீ சொன்னதை ஒன்று விடாமல் செய்து வைத்திருந்தேன். வசனக் காலண்டரைக் கழற்றினேன், வேதப் புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன், உள்ளே உன் அப்பா கும்பிடுகிற காளியம்மன் படத்தை எடுத்து வாசலைப் பார்க்க மாட்டினேன், நெற்றி நிறையத் திருநீறும் பூசிக்கொண்டேன். ஆணி அடித்துத் தரச் சொன்னதற்கு உன் அப்பா மாட்டேன் என்றுவிட்டார். "எஞ்சாமி என்ன ஆபீசருக்குக் காட்டுற ரேசன் கார்டா?" என்று கேட்டுவிட்டு ஆட்டைப் பத்திக்கொண்டு போய்விட்டார், நானே அடித்தேன். காசிமாயன் மரியாதையாகத்தான் கேட்டார், "ஏம்மா, நீங்களோ மகனோ சர்ச்சுக்குப் போற பழக்கம் உண்டா, ஞானஸ்நானம் எதும் எடுத்திருக்கீகளா?" என்று. "அந்தப் பழக்கமெல்லாம் எங்க வீட்டுல இல்லைங்க" என்றேன். நாக்கு ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்தவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன், கும்பிட்ட கையோடு "தோத்திரம்ங்க" என்று வாயில் வந்துவிட்டது. ஆறு வருடமாகச் சபையில் ஒருவருக்கொருவர் சொல்லிப் பழகிய வாய் அல்லவா. அந்த மனுசன் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார். "எங்க மதினியும் இப்புடித்தேன், வாய்ல வந்துருது. பெரிய ஆபீசரு யாராச்சும் வந்தா பாத்துப் பேசுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். காட்டிக் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது விக்ரம், இரக்கப்பட்டு விட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆட்டோடு திரும்பிய உன் அப்பா அந்தப் படத்தைப் பார்த்தார். "எஞ்சாமியயும் ஏமாத்தி உஞ்சாமியயும் ஏமாத்திட்டியே புள்ள" என்றார். என் விசுவாசத்தைப் பற்றி இந்த ஆறு வருடத்தில் அவர் பேசிய ஒரே பேச்சு அதுதான். டிரம்மிலிருந்து வேதத்தை எடுத்துத் தவிட்டைத் தட்டித் திறந்தேன். கர்த்தரைப் பிடித்துக்கொண்டு போன ராத்திரியில் அவரைத் தெரியாது என்று மூன்று தரம் சொல்லிவிட்டு வெளியே போய் அழுத சீஷனைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் கோழைப்பயல் என்று நினைத்திருக்கிறேன். அவன் பயத்தில் உளறினான். நான் முந்தின நாளே ஆணி வாங்கி வைத்துக்கொண்டு சொன்னவள்.

ஐந்தாவதோடு நின்ற என்னை இந்த வழிக்குக் கொண்டுவந்தது யார்? நாகமலை புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு, பெரிய எழுத்து வேதம் ஒன்றும் வாங்கி வந்து, "தெனம் ஒரு அதிகாரம் வாசிம்மா, வாசிச்சத வச்சே ஜெபம் பண்ணு" என்று சொன்னவன் நீதான். அதற்கு முன் எனக்குக் கோபம் வந்தால் மண்ணை வாரித் தூற்றத்தான் தெரியும். களையெடுக்கப் போன இடத்தில் தண்ணீர் கேட்டால் கையைக் குவிக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவாளே தங்கப்பொண்ணு, அவள் குடும்பம் விளங்காமல் போக எத்தனை சாபம் விட்டிருப்பேன். அவள் பெயரைச் சொல்லி ஜெபிக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது. போன ஆடியில் அவள் இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தபோது போய்ப் பார்த்தேன். பிரியப்பட்டுப் போகவில்லை, வாசித்தது போகச் சொன்னது, போனேன். வந்தவர்களுக்கெல்லாம் எவர்சில்வர் தம்ளர், எனக்கு மட்டும் பேப்பர் கப். காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

நீ கேட்பதும் இதைத்தானே. "கர்த்தரக் கும்புட்டதால நம்ம சாதிய யாராச்சும் மறந்துட்டாகளா? ஊரு மறக்காதத சர்க்கார் மட்டும் எதுக்கு மறக்கணும்?" என்கிறாய். நியாயம்தான், உன்னோடு நானும் சேர்ந்து கேட்பேன். ஆனால் அதை, கர்த்தரைக் கும்பிடுகிறவனுக்கு இந்தச் சான்றிதழ் கிடையாது என்று சட்டம் எழுதினவர்களிடம் கேட்காமல் அம்மா நெற்றியில் திருநீறு பூசிவிட்டாயே. நீ ஜெபிப்பதை விட்டு வருடக்கணக்காகிறது என்று முத்துமீனா போனில் அழுதாள். அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன்.

மூன்று வருடமாக என் ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போடச் சொல்கிறாய். முதலில் வேலை நிரந்தரமாகட்டும் என்றாய், அப்புறம் பதவி உயர்வு என்றாய், அவசரமென்றால் மதுரையில் யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொள் என்றாய். பாஸ்டரிடம் சொல்லிவிட்டேன், வருகிற மாதம் முதல் ஞாயிறு நம் ஊர்க் கண்மாயிலேயே முங்கப் போகிறேன், தண்ணீர் நிறையக் கிடக்கிறது. துணி துவைக்கிறவர்களும் மாடு குளிப்பாட்டுகிறவர்களும் பார்க்கட்டும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பேரையூருக்குப் பஸ் ஏறி, காசிமாயன் ஒழுங்காகத்தான் விசாரித்தார், நான்தான் பொய் சொன்னேன் என்று தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுப்பேன். என்னைப் பற்றி மட்டும்தான் எழுதுவேன். உன்னைப் பற்றி எழுத வேண்டியவன் நீ, அதற்குப் பதினேழு நாள் இருக்கிறது. பவதாரிணியைச் சாக்குச் சொல்லாதே, அவள் அப்பாவோடு கோயிலுக்குப் போகிறவள், அவள் சான்றிதழில் பொய் இல்லை.

வேலை போய்விட்டால் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள், கஞ்சி குடித்து வளர்ந்தவன்தானே நீ. திட்டுவதற்குப் போன் பண்ணினாலும் எடுப்பேன். அங்கே குளிர் அதிகமாமே, முத்துமீனாவுக்குச் சளி கட்டியிருக்கிறது, சுக்குத் தட்டிப் போட்டுக் கொடு, மறந்துவிடாதே. கடைசியில் ஆசீர்வாதம் என்று எழுதி முடிக்க வேண்டும். வராத ஜெபத்தை வந்ததுபோல் எழுத இனிமேல் என்னால் முடியாது. தண்ணீரை விட்டு எழுந்த பிறகு வாய் திறந்தால் முதலில் உன் பெயரைத்தான் சொல்லுவேன், அதுவரை பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
உனக்காகப் பொய் சொன்ன அம்மா
ஒச்சம்மாள்