கிணற்றில் குறைந்த பன்னிரண்டு மீன்கள்

சார்,

நேற்றுக் காலை மன்னார்புரத்தில் எங்கள் வீட்டுக்கு மாநகராட்சிப் பெண் ஒருத்தி வந்து, சிமெண்ட் தொட்டியில் கொசுப்புழு தின்னும் சின்ன மீன்களைக் கொட்டிவிட்டுப் போனாள். டப்பாத் தண்ணீர் விழும்போது பாசி வாடை குப்பென்று வந்தது. எனக்கு உடனே உங்கள் நனைந்த வேட்டி ஞாபகம் வந்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் கொசு ஒழிப்பு இன்ஸ்பெக்டர். யானைக்கால் நோய் பரப்பும் கொசு கிணறுகளில் முட்டையிடும். குடிக்கிற தண்ணீரில் மருந்தெண்ணெய் ஊற்ற முடியாது என்பதால் ஸ்ரீரங்கத்து வீட்டுக் கிணறுகளில் கொசுப்புழு தின்னும் கம்பூசியா மீன் விட்டோம். ஒருநாள் சத்திரத்தில் பஸ் ஏறி, மீன் தகரத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். காவேரிப் பாலத்தில் பஸ் குலுங்கியதில் பாதித் தண்ணீர் பக்கத்து சீட்டிலிருந்த உங்கள் மேல். நெற்றி நிறையத் திருமண், மடியில் கல்லூரிக் கணக்குப் புத்தகங்கள். நல்ல அர்ச்சனை விழப்போகிறது என்று காதைத் தயார் செய்துகொண்டேன். நீங்களோ தகரத்துக்குள் எட்டிப் பார்த்தீர்கள்.

"இது எத்தனை நாளைக்கு ஒருதரம் குட்டி போடும், பாய்?"

பதில் சொன்னேன். கொசுப்புழு எத்தனை தின்னும், எப்போது சாகும், ஒன்றையொன்று தின்னுமா என்று இறங்கும் இடம் வரை விடவில்லை. எனக்குப் பாதிக்கு மேல் தெரியாது. தெரியாது என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் உங்கள் முகம் மலர்ந்ததுதான் எனக்குப் புதிதாக இருந்தது. எங்கள் அலுவலகத்தில் அந்த வார்த்தையைச் சொன்னால் மெமோ வரும்.

அதன் பிறகு வாரம் ஒருநாள் உங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டுவது வழக்கமாயிற்று. வெள்ளைத் தட்டில் பொரியைத் தூவிக் கயிற்றில் இறக்கினால் மீன்கள் தட்டின் மேல் கூடும், எண்ணலாம். நான் எண்ணிச் சொல்வேன், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து நீங்கள் வரைபடத் தாளில் புள்ளி வைப்பீர்கள். இந்த வாரம் இருக்கும் மீனோடு பிறப்பதைக் கூட்டு, சாவதைக் கழி. அடுத்த வாரம் எத்தனை என்று தெரிந்துவிடும் என்றீர்கள். மீன் கூடினால் புழு குறையும், புழு குறைந்தால் மீன் பசியில் மெலியும், மீன் குறைந்தால் புழு மறுபடி கூடும். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறி இறங்கின. நான் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அது அடுத்த மாதம் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எட்டாம் வகுப்போடு கணக்கைக் கைகழுவியவன் நான். எனக்கே அது பிடித்துப்போயிற்று.

ஆனால் தெருவின் மற்றக் கிணறுகளையும் எண்ணிப் பார்த்ததில், கணக்கு பூட்டிக் கிடந்த வீட்டுக் கிணற்றில் மட்டும்தான் சரியாக வந்தது. ஆள் புழங்கும் ஐந்து வீட்டுக் கிணறுகளில் மீன் குறைந்துகொண்டே போனது. மேலதிகாரி என் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, மீனே விடாமல் விட்டதாக எழுதியிருக்கிறாயா என்று கேட்டு மெமோ கொடுத்தார். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் வேலை போகும். பெரியகடைவீதியில் ஒண்டுக்குடித்தனம், கைக்குழந்தை. வீட்டில் வாய் திறக்கவில்லை. உங்களிடம்தான் சொன்னேன். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. நீங்கள் உடனே காகிதத்தை எடுத்து, கூட்டல் கழித்தலுக்குக் கடைசியில் புதிதாக ஒரு எழுத்தைச் சேர்த்தீர்கள்.

"தெரியாததுக்கு ஒரு பேர் வெச்சுட்டா பாதி பயம் போயிடும், பாய். சாவு இல்லே, பிறப்பு இல்லே, மூணாவதா என்னமோ ஒண்ணு நடக்கறது. அது எவ்வளவுன்னு பார்ப்போம்."

வெயிலா என்று பார்த்தோம். இல்லை. ஆமையா, தவளையா? அந்தக் கிணறுகளில் இரண்டும் இல்லை. ஒவ்வொரு வாரத்திலும் கணக்குக்கும் எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் தனியாகப் புள்ளி வைத்தீர்கள். ஒரு வாரம் ஒன்றுமில்லை, மறுவாரம் பள்ளம். மறுபடி ஒன்றுமில்லை, மறுபடி பள்ளம். ஐந்து வீட்டிலும் அதேபோல. அரை மணி நேரம் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். லாக் டேபிளைக்கூடப் புரட்டினீர்கள்!

நான் அசட்டுத்தனமாக ஒன்று கேட்டேன். "சார், பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை உங்க தெருவுல என்னங்க நடக்கும்?"

நீங்கள் நிமிர்ந்தீர்கள். பிறகு உள்ளே பார்த்து உங்கள் மனைவியைக் கூப்பிட்டீர்கள்.

அம்மா நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்று, ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்கள்: "ஏகாதசிக்குக் காவேரி ஸ்நானத்துக்குப் போறச்சே சொம்புல எடுத்துண்டு போய் விட்டுடறோம். கிணத்துக்குள்ளேயே பாவம் சுத்திச் சுத்தி வரதுகள். ஒரு உயிருக்கு விடுதலை குடுத்தா புண்ணியம்தானே? தெருவுல எல்லாருமே செய்யறா."

"கிணத்துலேர்ந்து எப்படிங்கம்மா பிடிக்கிறீங்க?"

"நீங்கதானே பொரி தூவிக் காமிச்சேள்!"

நீங்கள் சிரித்த சிரிப்பில் காகம் பறந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வேலைக்கு உலை வைத்த வித்தையை வாராவாரம் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மேலதிகாரியிடம் இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பார். நீங்கள் வேறு வழி கண்டீர்கள். வரப்போகும் ஏகாதசிக்கு உங்கள் வீட்டுக் கிணற்றில் எத்தனை மீன் குறையும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, உறையில் போட்டு ஒட்டி, அவரிடமே கொடுக்கச் சொன்னீர்கள். அம்மாவிடம் எப்போதும் போலச் செய்யும்படியும், விடுகிற ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கோடு சுவரில் போடும்படியும் மட்டும் கேட்டுக்கொண்டீர்கள். உங்கள் வீடு வேண்டாம், நாலு பேர் பேசுவார்கள் என்று நான் தடுத்தேன். "அடுத்தாத்துக் கிணத்தை வெச்சு நான் எப்படி நிரூபிக்கறது?" என்றீர்கள்.

ஏகாதசிக்கு மறுநாள், துவாதசியன்று அதிகாரி வந்தார். தானே தட்டை இறக்கி மூன்று முறை எண்ணினார். போன வார எண்ணிக்கையைவிடப் பன்னிரண்டு குறைந்திருந்தது. உறையைப் பிரித்தார். பன்னிரண்டு, ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம் என்று அடிக்குறிப்பு வேறு. அவர் முகம் அப்போதும் இளகவில்லை. "வாத்தியாரும் இன்ஸ்பெக்டரும் சேர்ந்து போட்ட கணக்கா இருக்கலாமே?" என்றார்.

அந்நிய ஆண் முன்னால் வந்து நிற்காத உங்கள் மனைவி அன்று கிணற்றடிக்கே வந்தார்கள். "நான்தான் எடுத்துண்டு போய் விட்டேன். சுவத்துல கோடு போட்டிருக்கேன். எண்ணிக்கோங்கோ" என்றார்கள். கோலமாவில் போட்ட கோடுகள், ஈரச் சுவரில் பாதி கரைந்திருந்தன. அதிகாரி விரல் வைத்து எண்ணினார். பதினொன்று.

"ஒண்ணு குறையுதே?" என்றார்.

நீங்கள் கொஞ்சமும் தயங்கவில்லை. "அது நிஜமாவே செத்துப் போயிருக்கும், சார்."

அவர் சிரித்துவிட்டார். மெமோ கிழிந்தது. அதற்குப் பிறகு அம்மாவே தெருவெல்லாம் சொல்லி, மீன்களின் ஏகாதசிப் பயணத்தை நிறுத்தினார்கள். "கிணத்துல இருந்து கொசுவைத் தின்னா நாலு பேர் கால் பிழைக்கும், அதுவும் புண்ணியம்தான்" என்று அவர்கள் சொன்னது என் விளக்கத்தைவிட நன்றாக வேலை செய்தது.

அந்த வேலையில்தான் ரிட்டயர் ஆனேன். குழந்தைகள் படித்தார்கள். உங்களுக்கு ஒருமுறைகூட வாய்விட்டு நன்றி சொல்லவில்லை. ஏதாவது குறைந்தால் திருட்டு என்றும் சாவு என்றும் முதலில் நினைக்காமல், யாராவது நல்ல மனசோடு எடுத்துப் போயிருப்பார்களோ என்று கேட்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்யாத ஆளில்லை.

போன மாதம் உங்கள் மகன் கடிதம் போட்டிருந்தார். இரண்டு வரிதான், நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்று. படித்துவிட்டுப் பழக்க தோஷத்தில் அதையேதான் கேட்டேன். மறுபடி மறுபடி கேட்டேன். வேறு எந்தக் காரணமும் அகப்படவில்லை.

நேற்று தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் மருமகளிடம் கோலமாவு வாங்கிப் பதினொரு கோடு போட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. நீங்கள் பன்னிரண்டாவது, சார்.