கால் சுற்று தளர்த்திய விளக்குகள்

மார்ச் 4, செவ்வாய்

பத்து வருடம் யாரும் தொடாத ஒரு டார்ச், தொட்டதும் எரியும் என்று எதை வைத்துச் சொல்வது? எனக்குத் தெரியவில்லை. இதை இந்த நோட்டில்தான் எழுத முடியும். அலுவலகத்தில் நான் தெரியாது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

பழைய வரைபடங்களைக் காப்பது என் வேலை. அவை இருக்கும் நிலவறைக்கு ஜன்னல் கிடையாது. மின்சாரம் போனால் நடுப்பகலிலும் கும்மிருட்டு. போனையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. அதற்காகவே படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் பன்னிரண்டு டார்ச். இன்று ஸ்டோர்காரரும் நானும் அவற்றைத் திறந்து பார்த்தோம். பேட்டரி ஒழுகி, உள்ளே வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது.

"டார்ச்னுதான் மேடம் வாங்கினோம். பல்பொடி டப்பாவா மாறிடுச்சு" என்றார்.

புதிதாக வாங்க வேண்டும். லித்தியம் பேட்டரி அவ்வளவு சுலபமாக ஒழுகாதாம், வருடக்கணக்கில் அப்படியே கிடக்குமாம். அட்டையில் அச்சடித்ததை எல்லாம் நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் படித்த வரையில் சரியாகத்தான் தோன்றுகிறது.

மார்ச் 7, வெள்ளி

புது டார்ச்சுகள் வந்துவிட்டன. விரல் நீளம்தான். ஸ்டோர்காரருக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். பேட்டரியைக் கழற்றிப் பக்கத்தில் தனியாக வைக்கலாம் என்றார்.

"இருட்டுல எந்தப் பக்கம் பிளஸ், எந்தப் பக்கம் மைனஸ்னு தடவிக்கிட்டு நிப்பாங்களா?" என்றேன்.

"அதுவும் சரிதான். உள்ளயே இருக்கட்டும். மாசம் ஒரு தடவை நான் அமுக்கிப் பார்த்து எழுதிடறேன்."

மனிதர் சொன்னால் செய்கிறவர். இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

மதியம் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு. அலமாரிக்குள் டார்ச்சுகள் வரிசையாகப் படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் வெளிச்சம், மடித்து வைத்த துணிபோல. விழித்த பிறகும் வெகுநேரம் எழுந்திருக்க மனமில்லை. நான் கனவுகளுக்கு அர்த்தம் தேடுகிறவள் இல்லை. சுகமாக இருந்தது, அவ்வளவுதான்.

மார்ச் 14, வெள்ளி

ஸ்டோர்காரர் நேற்று சோதனை முடித்துவிட்டு இன்று விடுப்பில் போயிருக்கிறார். மகளுக்குப் பிரசவம்.

இந்த வகை டார்ச்சின் சுவிட்ச், அணைந்திருக்கும்போதும் துளித்துளியாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்குமாம். வருடங்கள் போனால் பேட்டரி காலி. பின்பக்க மூடியைக் கால் சுற்று தளர்த்திவிட்டால் போதும், இணைப்பு விட்டுப்போகும். இறுக்கினால் மறுபடி எரியும்.

தனியாகக் கீழே இறங்கினேன். ஆள் இல்லாத நிலவறையில் காகிதங்களே மூச்சை அடக்கிக் கேட்பதுபோல் ஓர் அமைதி. எப்போதோ தடம் மாறிப்போன ஆறுகள் வரைபடங்களில் இன்னும் பழைய வழியிலேயே ஓடிக்கொண்டிருந்தன. நான் பன்னிரண்டு மூடிகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். குழந்தைகளுக்குப் போர்வை சரிசெய்வதுபோல் இருந்தது. "மூடியை வலப்பக்கம் இறுக்கியபின் அமுக்கவும்" என்று அழகாக எழுதி, கதவின் உள்பக்கத்தில் ஒட்டினேன்.

நெடுநாளுக்குப் பிறகு முழுத் திருப்தியாக ஒரு வேலை.

மார்ச் 17, திங்கள்

ஸ்டோர்காரர் வந்தார். பேத்தியாம். மூடி விஷயத்தைச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. எழுதித்தான் ஒட்டியிருக்கிறதே.

மார்ச் 20, வியாழன்

காய்ச்சல். அக்கா நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "கொதிக்குது. ஆபீஸ் ஒருநாள் நீ இல்லாம நடந்துட்டா உலகம் முழுகிடாது. படு" என்றாள். பகல் முழுக்க ஜன்னல் திரை நீர்போல அசைந்துகொண்டிருந்தது.

மார்ச் 24, திங்கள்

வியாழக்கிழமை நான் படுத்திருந்த அதே மதியத்தில் நிலவறையில் மின்சாரம் போயிருக்கிறது. உள்ளே பைண்டரும் ஸ்டோர்காரரும் மட்டும். பைண்டர் என்பவள் கிழிந்த வரைபடங்களுக்குத் துணி ஒட்டித் தைக்கிற பெண். எங்களில் அதிகம் சிரிக்கிறவள். இருவரும் அலமாரியைத் திறந்து பன்னிரண்டையும் அமுக்கியிருக்கிறார்கள். ஒன்றுகூட எரியவில்லை. தடவித் தடவிப் படியேறும்போது பைண்டர் விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

இயக்குநர் என்னை அழைத்துப் பதிவேட்டைக் காட்டினார். பதின்மூன்றாம் தேதி: அனைத்தும் எரிகின்றன. கீழே ஸ்டோர்காரரின் கையெழுத்து.

"பார்க்காமலே எழுதியிருக்கார் மேடம். ஒரே வாரத்துல பன்னிரண்டு டார்ச்சும் சாகுமா? விளக்கம் எழுதிக் கொடுக்க வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கொடுத்திருக்கேன். அப்புறம் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இருட்டில் படிக்க வேண்டிய சீட்டை இருட்டுக்குள்ளேயே ஒட்டியிருக்கிறேன். ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும். படித்தவளாம், படித்தவள்!

"ம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ம்.

மார்ச் 25, செவ்வாய்

எனக்கு ஏன் வாய் வரவில்லை? பயமா? என்னை என்ன செய்துவிடுவார்கள்? ஒன்றும் செய்ய மாட்டார்கள். அதனால்தான் இன்னும் கேவலமாக இருக்கிறது. நான் தப்பு செய்யாதவள் என்று ஒரு பேர் — அதைக் கட்டிக்கொண்டு எங்கே போகப் போகிறேன்?

நாள் முழுக்கத் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் நடந்தேன். யாரோ பேசினார்கள். தலையாட்டினேன்.

மார்ச் 26, புதன்

ஸ்டோர்காரர் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் என் முன் உட்கார்ந்ததில்லை. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். என் கையெழுத்து.

"கரெண்ட் வந்ததும் அலமாரியை மூடப் போனேன். கதவுல இருந்துச்சு."

"அப்பவே காட்டியிருக்கலாமே?"

"நான் காட்டினா உங்களை மாட்டிவிட்ட மாதிரி. நீங்களா சொன்னா அது வேற. சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்."

நான் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"ஆனா மேடம், நாளைக்கும் நீங்க சொல்லலைன்னா நான் காட்டிடுவேன். எனக்கும் வீடு வாசல் இருக்கு."

சீட்டை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். கோபமாகக்கூட இல்லை.

வீட்டில் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "இதுக்கா மூணு நாளா சோறு இறங்கல? போய்ச் சொல்லிட்டு வாடி. தலையையா எடுத்துடுவாங்க?" என்றாள்.

அவளுக்கென்ன. நாளைக்கு எப்படி நடக்கும் என்று கண்ணை மூடினாலே தெரிகிறது. இயக்குநர் அறை, நீளமான மேஜை, சுற்றிலும் முகங்கள். நான் பேசப் பேச அறை நீண்டுகொண்டே போகும். கடைசியில் என் குரல் எனக்கே கேட்காது.

மார்ச் 27, வியாழன்

நடந்தது இது. இயக்குநர் பதினொன்றரை வரை வரவில்லை. வந்தவரை மாடிப்படியிலேயே மறித்தேன். காதில் போன் இருந்தது.

"மூடிகளைத் தளர்த்தினது நான். ஸ்டோர்காரர் எழுதினது நிஜம். அவர் பார்த்தப்போ எல்லாம் எரிஞ்சுது."

"நீங்களா?" என்றார். போனை அணைத்துவிட்டு மறுபடி, "நீங்களா மேடம்?"

எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். ஸ்டோர்காரர் மேல் எடுத்த நடவடிக்கையைக் கைவிடுவதாகச் சொன்னார். இனி டார்ச் விவகாரத்தில் நான் தலையிட வேண்டாம், ஸ்டோரே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். மொத்தம் நாலு நிமிடம்.

ஸ்டோர்காரர் நன்றியெல்லாம் சொல்லவில்லை. மூன்று மணிக்கு எங்களை நிலவறைக்குக் கூப்பிட்டு ஆளுக்கொரு டார்ச்சைக் கொடுத்தார். விடுப்புக் கடிதம் கொடுக்க வந்த பைண்டரும் கட்டுப்போட்ட கையோடு நின்றாள். எல்லோரும் இருக்கிற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார். அப்படியோர் இருட்டு. உடம்பே கரைந்துபோய்க் காது மட்டும் மிஞ்சினதுபோல் இருந்தது.

"தடவிப் பார்த்து, வலப்பக்கமா திருகுங்க" என்றது அவர் குரல்.

"ஒத்தைக் கையில எப்படிங்க திருகறது?" இது பைண்டர்.

குரல் வந்த திசையில் நடந்தேன். அவள் விரல்கள் தட்டுப்பட்டன. டார்ச்சின் உடலை நான் பிடித்துக்கொண்டேன், மூடியை அவள் இடது கையால் திருகினாள். மரை ஏறுவது என் உள்ளங்கையில் தெரிந்தது. அமுக்கினாள். வெளிச்சம் அவளுடைய மாவுக்கட்டில் விழுந்து கூரைக்குத் தாவியது.

"மன்னிச்சுடும்மா" என்றேன்.

"விடுங்க மேடம். ரெண்டு மாசம் ஊசி நூலைத் தொட வேண்டாம், யாருக்குக் கிடைக்கும்?" என்றாள். சிரித்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது.

பிறகு ஸ்டோர்காரர் தன் முடிவைச் சொன்னார். மூடிகள் இறுக்கியே இருக்கும். பேட்டரி பாதி தீர்ந்தாலும் தீராவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவார். நல்ல பேட்டரியை யாராவது வீணாக்குவார்களா என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"சரி, அப்படியே செய்யுங்க" என்றேன்.