எட்டாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்

2024 செப்டம்பர் 11

இன்றும் மழை. ஏலக்காய் எடுக்க ஆள் வரவில்லை.

பிள்ளைகளை இனிமேல் வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "எம்புட்டு நாளைக்கு?" என்றார். தெரியாது என்றேன். கையைக் கழுவ எழுந்தார்.

ஜூலையில் மலைப்பாதையில், மெட்டுக்குக் கீழே மண் சரிந்து ஸ்கூல் ஜீப்பு உருண்டது. என் நடுப்பிள்ளை முபின் மௌத்தானான். ஐந்தாம் வகுப்பு. ஓட்டியவரும் போய்விட்டார். முபினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னவன் ஆசிக் கை முறிவோடு பிழைத்தான். பெரியவள் ஷஹானாவுக்கு அன்று காய்ச்சல், போகவில்லை.

எழுதிவிட்டேன். எழுதினால் உள்ளே ஏதாவது அசையும் என்று நினைத்தேன். அசையவில்லை.

ஆசிக் எந்த வண்டியிலும் ஏற மாட்டேன் என்கிறான். கட்டுப் பிரிக்க மெட்டு வரைக்கும் இவர் அவனைத் தூக்கிக்கொண்டே நடந்தார். அவனுக்காகத்தான் இந்த ஏற்பாடு. ஷஹானாவும் வீட்டில் இருந்தால் அவனுக்குத் துணை.

செப்டம்பர் 15

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று காலை முழுக்க போனில் தேடினேன். வீட்டுப் படிப்புக்கு எத்தனை பாடத்திட்டங்கள்! ஒன்றில் எல்லாமே வீடியோ. இங்கே சுற்றிக்கொண்டே இருக்கும், ஓடாது. ஒன்று ஆங்கிலத்தில் மட்டும். இன்னொன்றை நடத்தும் அம்மாவே பேசினார், பெங்களூரில் இருக்கிறாராம். வயது வித்தியாசம் இருந்தாலும் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரே பொருளைப் பற்றிப் பேசுங்கள், மழை, மண், மரம் என்று. அவரவர் வயதுக்கு எழுதட்டும் என்றார்.

நன்றாகத்தான் இருந்தது. மழை, மண் என்றதும் போனை வைத்துவிட்டேன்.

நான் பி.எஸ்சி. கணக்கு. நம் அரசுப் பாடப் புத்தகமே போதும். நானே நடத்திக்கொள்வேன்.

செப்டம்பர் 28

இவர் போடிக்கு ஏலத்துக்குப் போனார். பழைய புத்தகங்கள் ஸ்கூலிலேயே தங்கிவிட்டன, புதிதாக வாங்கி வரச் சொல்லி போனில் வகுப்புகளைச் சொல்லியிருந்தேன். சாயங்காலம் பையை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

எட்டு இருந்தது. இரண்டு இருந்தது. ஐந்தும் இருந்தது.

நானா சொன்னேன்? நான்தான் சொல்லியிருக்கிறேன். எட்டு, அஞ்சு, ரெண்டு. ஜூன் மாதம் கடையில் சொன்ன அதே வரிசை. அவர் போனில் திருத்தவில்லை. மூன்றையும் வாங்கி, மலை ஏறிக் கொண்டுவந்திருக்கிறார்.

அழுகை வரவில்லை. மூன்றுக்கும் அட்டை போட்டேன்.

அக்டோபர் 9

ஷஹானாவுக்கு இயற்கணிதம் சொல்ல ஆரம்பித்தால் ஆசிக் ஜன்னலுக்குப் போய்விடுகிறான். அவனை எழுத்துக் கூட்ட வைத்தால் இவள் தலையைச் சாய்த்துத் தூங்குகிறாள். இவனுக்குக் காலை, அவளுக்கு மதியம் என்று பிரித்தேன். பிரித்தால் நாள் முழுக்க எனக்கு இதே சோலி. சோறு ஆக்க நேரமில்லை. பரவாயில்லை, யாருக்கும் பசிப்பதில்லை.

அக்டோபர் 22

ஒன்றும் நடத்தவில்லை. மூவரும் மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 6

கொல்லையில் துணி காயப் போட்டுவிட்டு உள்ளே வந்தால் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தின் மேல் கவிழ்ந்து கிடக்கிறார்கள். ஷஹானா வாசிக்கிறாள், ஆசிக் நடுநடுவே கேள்வி கேட்கிறான். இத்தனை நாளில் நான் பார்க்காத காட்சி. கிட்டப் போனேன். ஐந்தாம் வகுப்பு அறிவியல்.

என்ன வந்ததோ தெரியவில்லை. பிடுங்கிவிட்டேன். "யாரக் கேட்டு எடுத்தீங்க? இது உங்க புக்கா? வைங்க அங்கிட்டு!" என்று கத்தினேன். என் சத்தம் எனக்கே யாருடையதோ போல இருந்தது.

ஆசிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். ஷஹானா நகரவில்லை. "எங்க கூடப் பொறந்தவந்தானம்மா. நாங்க தொடக் கூடாதா?"

புத்தகத்தை அவள் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வாசிக்கும் சத்தம் கேட்டது. கட்டிலுக்குக் கீழே குனிந்து வாசித்திருக்கிறாள்.

நவம்பர் 14

தினமும் அந்தப் புத்தகத்தில்தான் ஆரம்பிக்கிறோம். எட்டுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் இரண்டு பேருக்கும் ஒத்துவருகிறது. அவனுக்குக் கொஞ்சம் எட்டாது, இவளுக்குத் தெரிந்தது. அவள் சொல்லிக்கொடுக்கிறாள். இதற்காகத்தான் இத்தனை தேடினேனா? பெங்களூர் அம்மா சொன்னதும் இதுதானோ என்னவோ.

சரியான பாடத்திட்டம் கிடைத்துவிட்டது என்று இவரிடம் சொன்னேன். இவர் ஷஹானாவைப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 12

ஷஹானா பேசினாள். நான் காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன், எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, எனக்கு ஸ்கூலுக்குப் போகணும்."

"இங்க நல்லாத்தான படிக்கிறீங்க?"

"அவன் நல்லாப் படிக்கிறான். நான் அவனுக்கு டீச்சரா இருக்கேன். எனக்கு என் வயசுப் பொண்ணுங்க வேணும்."

"ஜீப்பில ஏற அவன் பயப்படுறான்ல. நீ மட்டும் போனா..."

"அவன் பயப்படுறான், சரி. நீ எப்பம்மா கடைசியாக் கீழ எறங்குன?"

காயைப் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். நல்லது எது, சொத்தை எது என்று தெரியவில்லை. எல்லாம் ஒன்றுபோல இருந்தது. முபின் அடக்கம் முடிந்து ஏறி வந்தவள்தான். அதற்குப் பிறகு நான் இறங்கவே இல்லை. ஆசிக்குக்காக, ஆசிக்குக்காக என்று சொல்லிக்கொண்டே...

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் வந்ததுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?" என்றாள். இதை அவள் எத்தனை நாளாக வைத்திருந்தாளோ. இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். பதிமூன்று வயதுப் பிள்ளை, மடி கொள்ளவில்லை.

டிசம்பர் 13

இவரிடம் சொன்னேன். "ஸ்கூல்ல அவ பேர இன்னும் எடுக்கலயாம். நான் விசாரிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றார். எப்போது விசாரித்தார்? வாரநாளில் போடியில் இவர் தங்கை அலிமா வீட்டில் தங்கிப் படிக்கட்டும், வெள்ளிக்கிழமை வரட்டும் என்று முடிவாயிற்று. ஆசிக் வீட்டில். அவனுக்கு நான்.

ஒரே பாடம் இரண்டு பேருக்கும் பொருந்த வேண்டும் என்று ஏன் பிடிவாதம் பிடித்தேன்?

2025 ஜனவரி 6

ஷஹானாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். நானே.

ஜக்கையன் அண்ணன் ஜீப்பு. இவர் ஆசிக்கோடு தோட்டத்தில் இருந்துகொண்டார். "மெதுவாவே போறேந்தாயி" என்றார் ஜக்கையன். ஸ்கூல் ஜீப்பு உருண்ட அந்த வளைவு வந்தது. ஷஹானா என் கையைப் பிடித்தாள். புதிதாகத் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள், சிமெண்டு இன்னும் வெளுக்கவில்லை. பார்த்தேன். முழுக்கப் பார்த்தேன்.

ஸ்கூல் வாசலில் இரண்டு பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அதுதான் வேண்டும்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது ஆசிக் படியில் உட்கார்ந்திருந்தான். ஜீப்புச் சத்தத்துக்கு உள்ளே ஓடவில்லை.

"பயந்தியாம்மா?"

"ஆமாப்பு."

"கண்ண மூடிக்கிட்டியா?"

"இல்ல."

செருப்பு வாரை இழுத்து இழுத்து விட்டான்.

"அன்னைக்கு நான் மூடிக்கிட்டேன். அண்ணந்தான் மூடிக்கன்னு சொன்னான். என்னைய இறுக்கிப் பிடிச்சிருந்தான்."

அன்றைக்கு நடந்ததைப் பற்றி இதுவரை அவன் வாய் திறந்ததில்லை. அவன் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சொல்லச் சொல்லக் கேட்டேன். என் முகம் நனைந்திருந்ததை, அவன் என் முந்தானையை எடுத்துத் துடைத்தபோதுதான் உணர்ந்தேன்.

பாடம் நடத்தவில்லை. இவர் அடுப்பில் ஏற்றியிருந்த சோறு குழைந்துவிட்டது. மூன்று பேரும் அதையே போட்டுச் சாப்பிட்டோம். நான் இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.